பாதுகாவலரின் கணக்கு

1889ஆம் ஆண்டிலே இலங்கையில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை. சித்தசுவாதீனம் இழந்த ஒருவரின் உடைமைகளைப் பராமரிக்க ஒரு முகாமையாளரை மாவட்ட நீதிமன்றம் நியமிப்பதற்கு அது வழிவகுத்தது. நியமனம் பெற்றவர் தம் விருப்பம்போல் நடத்தல் இயலாது. உடைமைகளின் பட்டியலை மன்றில் ஒப்புவித்தல் வேண்டும். வரவுசெலவுக் கணக்கையும் காட்டுதல் வேண்டும். பிறர் பொருளைக் கையாள்பவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே அவ்விதிகளின் உயிர்.

மற்றையது, தோட்டங்களில் உழைத்த இந்தியத் தொழிலாளரைப் பற்றிய 13ஆம் இலக்கச் சட்டம். ஒரு மாதக் கூலியை அம்மாதம் கழிந்து அறுபது நாள்களுக்குள் கொடுத்தாற் போதும் என்று அது இடமளித்தது. இம்மக்கள் சித்தசுவாதீனம் இழந்தவரல்லர். மலையைக் கழனியாக்கிய வலிய கைகளுக்கு உரியவர்கள். ஆயினும் அவர்களது உழைப்பும் ஊதியமும் பிறரின் கையிலேயே இருந்தன. அந்தக் கையிடம் கணக்குக் கேட்பார் எவருமிலர். பித்தருக்குச் சட்டம் அளித்த காப்பு, உழைப்பாளிக்கு இல்லாமற் போயிற்று!

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை இக்கண்கொண்டு நோக்குதல் நமக்குப் பயன்தரும். இங்கே, தொழிலாளிக்குத் தாயும் தந்தையும் தாமே என்று கங்காணி சொல்லிக்கொண்டார். ஊரிலிருந்து அழைத்துவந்த செலவு, வழியுணவு, முற்பணம் யாவும் கடனாக அவரது ஏட்டில் ஏறின. எழுத்தறியாதவனின் கடனை எழுதியவரே அதன் சாட்சியும் ஆனார். தோட்டத்தை விட்டு நீங்க வேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைச் செலுத்துவோருக்கு இந்த ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. ஆள் மாறினான், கடனும் அவனோடு மாறியது. அறிவிக்காமல் வேலையை விட்டு நீங்கினால், 1865ஆம் ஆண்டின் தொழிற்சட்டம் மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பியது. பிற ஒப்பந்தங்களை மீறியவன் பணத்தால் ஈடுசெய்தான். தோட்டத் தொழிலாளியோ தன் உடலால் ஈடுசெய்தான்.

இந்நிலையைச் சட்டத்தின் மொழியிலேயே எதிர்த்தவர்களுள் இருவரை நாம் நினைவுகூர்தல் தகும். ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்சில் கற்று வழக்கறிஞராகி, இலங்கை நிர்வாக சேவையில் நீதவானாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். 1913இல் ஓய்வு பெற்ற பின்னர், 1915இல் சமூக சேவைக் கழகத்தையும் 1919இல் தொழிலாளர் நலவுரிமைக் கழகத்தையும் தோற்றுவித்தார். மற்றவர் அக்கழகத்தின் செயலாளராயிருந்த பெரி சுந்தரம். தோட்டச் சமூகத்திலே பிறந்து சட்டம் பயின்றவர். துண்டு முறையையும் சிறைத்தண்டனை விதிகளையும் ஒழிக்குமாறு இவர்கள் இடையறாது வற்புறுத்தினர். 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டை விலக்கியது. சிறைத்தண்டனை விதிகளும் அக்காலத்திலேயே தளர்ந்து மறைந்தன. 1923இல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியிலே அமர்ந்தார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கங்காணியின் ஏட்டை வெளியாள் ஒருவர் திறந்து பார்க்கும் காலம் அப்போதுதான் தொடங்கியது.

1931இல் பெரி சுந்தரம் நாட்டின் முதலாவது தொழில் அமைச்சரானார். அவர் பதவி வகித்த காலத்திலேயே 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் நிறைவேறின. வேலையில் கையிழந்தவனுக்குத் துரை இரங்கிக் கொடுத்த காசு, கேட்டுப் பெறும் உரிமையாயிற்று. இதனைச் சிறிய மாற்றமென எண்ணலாகாது.

எனினும் நாம் ஒன்றை மறைத்தல் கூடாது. அருணாசலத்தின் கழகம் தொழிலாளருக்காகப் பேசியது, தொழிலாளரைப் பேசவைக்கவில்லை. மனுக்கள் கொழும்பிலே எழுதப்பட்டன. நல்ல பாதுகாவலரும் பாதுகாவலரே. காக்கப்படுபவன் தானே கணக்குக் கேட்கும் நாள் வரும்வரை அவனது விடுதலை பாதி விடுதலையே. அந்நாளை நோக்கி நடேசய்யரும், அவரைப் பின்தொடர்ந்த சங்கங்களும், இடதுசாரிகளும் தோட்டங்களுக்குள் நுழைந்தனர். 1931 முதல் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்த வாக்கும், மட்டுப்படுத்தப்பட்டதாயினும், அந்நாளுக்குரிய கருவியாயிற்று. வாக்குச்சீட்டு என்பது, ஆள்வோரிடம் ஆளப்படுவோன் கணக்குக் கேட்கும் ஏடன்றோ?

அந்த ஏடு பறிக்கப்பட்ட கதையின் ஒரு பக்கம் நமது கேகாலை மாவட்டத்திலே எழுதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை பாட்டன் பிறப்பைச் சான்றுகாட்டக் கேட்டது. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. உருவன்வெல்லைத் தொகுதியிலே கோடகன் பிள்ளை என்பார் தமது பெயரை இடாப்பிற் சேர்க்குமாறு கோரினார். சமூகங்களுக்கிடையே பாகுபாடு செய்யும் சட்டங்களை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுக்கின்றது என்பது அவரது வாதம். இடாப்பை மீளாய்ந்த அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதனை 1951இல் மாற்றியது. இலண்டன் பிரிவுக் கவுன்சில் 1953இல் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் குடிகள் யாவரெனத் தீர்மானிப்பது சட்டமன்றத்தின் இயல்பான உரிமை என்றும், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் கருதத்தக்கது என்றும் அது கூறியது. துண்டில்லாமல் நகரமுடியாதென்று கட்டிவைக்கப்பட்ட மக்களை, நகர்பவர்கள் என்று நீதி கண்டது!

அவ்வேளையில் உருவன்வெல்லையின் பாராளுமன்றப் பிரதிநிதி கலாநிதி என். எம். பெரேரா. 1948இல் அக்குடியுரிமைச் சட்டத்தை இலங்கை சமசமாசக் கட்சி எதிர்த்தது. அப்பெருமையை நாம் போற்றுகின்றோம். ஆனால் 1964 அக்டோபரிலே சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் ஒப்பமிடப்பட்டபோது அக்கட்சி அரசாங்கத்திலே பங்காளி, பெரேராவே நிதியமைச்சர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். கங்காணியின் ஏட்டிலேயேனும் ஆளுக்கொரு பெயர் இருந்தது. இந்த ஏட்டிலே வெறும் தொகைகளே இருந்தன. பங்கிடப்பட்டவரிடம் எவரும் கேட்கவில்லை. முற்போக்காளர் நாம் இந்தக் கணக்கையும் படித்தல் வேண்டும். பகைவனின் தவறுகளை மட்டும் எண்ணுவது வரலாறாகாது.

இறுதியாகக் குடியுரிமைக் குறை நீங்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது. 1948இல் பிறந்த குழந்தை அவ்வாண்டிலே ஐம்பத்தைந்து வயதை எட்டியிருக்கும்.

நமது வகுப்பறைகளிலே குடியியற் பாடம் நடக்கும்போது, உருவன்வெல்லை வழக்கை மாணவருக்கு விரித்துரைப்போமாக. தாத்தாவின் பெயர் எந்த இடாப்பில் எப்பொழுது இருந்தது, எப்பொழுது இல்லாமற் போயிற்று என்று வீட்டிலே கேட்டுவரச் சொல்வோமாக. நல்ல சட்டத்தரணிகள் கதவைத் திறந்து தந்தார்கள். உள்ளே சென்று கணக்கைக் கேட்கவேண்டியவர் உரியவரே. அதற்கு அவருக்கு எழுத்து வேண்டும். எழுத்தைக் கொடுக்கும் தொழில் நம்முடையது.