வளைகுடா நாடுகளில் இணைய முகப்பு அலகுச் சோதனை

இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பொத்தான், படிவம், நாட்காட்டி, விலைப்பெட்டி போன்ற காம்பொனென்ட்டுகளைத் தனித்தனியே பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று சிறு நிரல்களைக் கொண்டு பார்ப்பது முகப்பு அலகுச் சோதனை. நிரலர்கள் இதை யூனிட் டெஸ்ட் என்பார்கள். கருவிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆனால் வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து, மூன்று தசம இடம் கொண்ட நாணயம், இடம் மாறிய வார விடுமுறை ஆகிய மூன்றும் ஒரே திரையில் கூடும் வளைகுடாவில்தான் இந்தச் சோதனையின் அருமை நன்றாக விளங்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான சோதனைக் கருவி ஜேஎஸ்யூனிட் 2001இல் வந்தது. ஜேக்வெரி என்ற நிரல் தொகுப்பைச் சோதிக்க ஜான் ரெசிக் எழுதிய க்யூயூனிட் 2008இல் வெளியானது. 2010இல் ஜாஸ்மின் வந்தது. பிரவுசரைத் திறக்காமலே பக்கத்தின் கட்டமைப்பை நினைவகத்தில் உருவாக்கித் தரும் ஜேஎஸ்டாமும் அதே காலத்தது. ஃபேஸ்புக்கின் ஜெஸ்ட் 2014இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. நம் பக்கத்தின் பங்கும் இதில் உண்டு. காம்பொனென்ட்டைத் தனியே நிறுத்தி எல்லா நிலைகளிலும் பார்க்க உதவும் ஸ்டோரிபுக், 2016இல் இலங்கையைச் சேர்ந்த அருணோத சுசிரிபாலவின் குழுவிடமிருந்து வந்தது. 2018இல் கென்ட் டாட்ஸ் வெளியிட்ட ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரி, பயனர் திரையில் காண்பதையே சோதனையும் தேடவேண்டும் என்றது. அதன் சுருக்கப்பெயர் ஆர்.டி.எல். வலமிருந்து இடம் என்பதற்கும் அதே சுருக்கம்தான் என்பதால், துபாய் அலுவலகங்களில் எந்த ஆர்.டி.எல் என்று கேட்டுக்கொள்ள நேரும்.

துபாயின் தொழில்நுட்ப வளாகமான இன்டர்நெட் சிட்டி 2000இல் திறக்கப்பட்டது. துபாய் அரசின் மின்னாளுகை வலைவாசல் 2001இல் வந்தது. அரபு, ஆங்கிலம் இரண்டிலும் ஒரே பக்கம் என்பது அமீரகத்தில் தொடக்கம் முதலே எழுதப்படாத விதி. மொழி மாறினால் எழுத்து மட்டுமல்ல, பட்டியும் அம்புக்குறியும் பக்கம் மாறவேண்டும். இங்கேதான் ஜேஎஸ்டாமின் குறை தெரிகிறது. அது பக்க அமைப்பைக் கணக்கிடுவதில்லை. எந்தப் பெட்டியின் அளவைக் கேட்டாலும் பூஜ்ஜியம் என்றே சொல்லும். ‘அடுத்து’ பொத்தானின் அம்பு தப்பான பக்கம் பார்த்தாலும் சோதனை பச்சை விளக்குக் காட்டிவிடும். ஆகவே அரபுத் திரைக்கு நிஜப் பிரவுசரில் எடுத்த படத்தோடு ஒப்பிடும் சோதனையும் கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரபுப் பன்மையும் சோதனையைப் பெருக்குகிறது. கூடையில் எத்தனை பொருள் என்று காட்டும் காம்பொனென்ட்டுக்குத் தமிழில் ஒருமை, பன்மை இரண்டும் போதும். அரபில் ஆறு வடிவங்கள். 0, 1, 2, 3, 11, 100 என்று ஆறு எண்களையும் கொடுத்துப் பார்த்தால்தான் நிம்மதி.

விலைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். திர்ஹமுக்கு 100 ஃபில்ஸ். குவைத் தினாருக்கு 1000. அமீரகத்துக்கு எழுதிய நிரல் தசமத்துக்குப் பின் இரண்டு இடம் என்று கட்டாயப்படுத்தினால், 12.375 தினார் திரையில் 12.38 ஆகும். ஒரு பொருளுக்கு 5 ஃபில்ஸ் கூடுதல். பஹ்ரைன் தினார், ஓமன் ரியால் இரண்டுக்கும் இதே கதிதான். 12.375 கொடுத்தால் 12.375 வரவேண்டும் என்று ஒற்றை வரிச் சோதனை எழுதியிருந்தால் இந்தப் பிழை வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்கு முன்பே பிடிபட்டிருக்கும்.

வரி வந்தது அடுத்த திருப்பம். 2018 ஜனவரி 1 அன்று அமீரகமும் சவூதியும் 5% மதிப்புக் கூட்டு வரியைத் தொடங்கின. சவூதி அதை 2020 ஜூலையில் 15% ஆக்கியது. பஹ்ரைன் 2022 ஜனவரியில் 10% ஆக்கியது. ஐந்து என்ற எண்ணை நிரலுக்குள் ஊன்றிவைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் தேடித்தேடி மாற்றவேண்டியிருந்தது. வரியைப் போலவே வார விடுமுறையும் மாறியது. அதே 2022 ஜனவரியில் அமீரக அரசு அலுவலகங்களின் விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு நகர்ந்தது. வெள்ளி அரைநாள் வேலை. ஷார்ஜாவிலோ வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. முன்பதிவு நாட்காட்டி எந்தக் கட்டத்தை மங்கலாக்கவேண்டும் என்பது எமிரேட்டுக்கு எமிரேட் வேறாயிற்று. சவூதி ஏற்கெனவே 2013இல் வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியிருந்தது.

2025இல் சவூதி ரியாலுக்கும் அமீரக திர்ஹமுக்கும் புதுக் குறிகள் அறிவிக்கப்பட்டன. ரியால் குறி அந்த ஆண்டு செப்டம்பரில் யூனிகோட் 17இல் இடம்பெற்றது. எழுத்துருவில் இடம் கிடைக்கும்வரை குறியைப் படமாக வைத்த தளங்களில், பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதைக் கடந்துபோய் வெறும் எண்ணை மட்டும் வாசித்துவிடக்கூடும். படத்துக்குத் திர்ஹம் என்ற பெயர் தரப்பட்டிருக்கிறதா என்று, அந்தப் பெயரைக் கொண்டே காம்பொனென்ட்டைத் தேடும் சோதனை இப்போது விலைப்பெட்டிக்கு அவசியமாகிவிட்டது.