தேயிலைப் பெட்டியும் ஒட்டுப்பலகை பேஸும்

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் இப்போது கொழும்பில் ஹோட்டல் வாத்தியக் குழுவொன்றில் இருக்கிறார். போன மாதம் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "சேர், ஒட்டுப்பலகையில செஞ்ச டபுள் பேஸ் ஒண்டு வாங்கப் போறன். பழைய அமெரிக்கனா, ஜேர்மனா, ரூமேனியாவா, சீனாவா? நீங்க வரலாறு படிப்பிக்கிற ஆள்தானே, ஒரு வார்த்தை சொல்லுங்க." ஒரு வார்த்தையில் முடியவில்லை. தேடித் தேடிப் போனதில் விஷயம் நம் தோட்டங்களுக்குள்ளேயே வந்து நின்றது. அதனால் அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் நீட்டி இங்கே போடுகிறேன்.

டபுள் பேஸ் தெரியாதவர்களுக்கு: வயலினைப் பெரிதாக்கி ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்தியது போன்ற வாத்தியம். நான்கு தந்தி. நின்றுகொண்டு, கையால் இழுத்தோ வில்லால் உரசியோ வாசிப்பார்கள். பழைய பைலாப் பாட்டுகளின் அடியில் கேட்கும் 'தும் தும்' இதைப் போன்ற ஓசைதான்.

நல்ல டபுள் பேஸின் முகப்பை ஸ்புரூஸ் பலகையிலும் முதுகை மேப்பிள் பலகையிலும் கையால் குடைந்து செய்வார்கள். மாதக்கணக்கான வேலை. விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. மலிவான வழி ஒட்டுப்பலகை. மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, ஒரு தாளின் நார் நீளவாட்டிலும் அடுத்ததன் நார் குறுக்குவாட்டிலும் வருமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி, பசை பூசி, அச்சில் வைத்து அழுத்திவிட்டால் வளைந்த முகப்பு தயார். ஒரு தாள் விரியப் பார்த்தால் குறுக்கே இருக்கும் தாள் விடாது. அதனால் வெடிப்பு அரிது. குடைந்த பேஸ் மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும், அதை ஒட்டிய விலங்குப் பசை ஈரத்தில் இளகும். குடையை மடக்கி வைக்க நேரமில்லாத இரத்தினபுரி மாவட்டத்தில் வளர்ந்தவருக்கு எதை வாங்கச் சொல்வேன் என்று நீங்களே ஊகிக்கலாம். குடைந்ததன் ஓசை ஆழம் ஒட்டுப்பலகைக்கு வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது நாடுகள். அமெரிக்காவில் சிகாகோவின் கே நிறுவனம் 1937 முதல் ஒட்டுப்பலகை பேஸ்களைத் தொழிற்சாலை முறையில் அடித்துத் தள்ளியது. பள்ளிக்கூடங்கள், நடனக் குழுக்கள், நாட்டுப்புற இசைக்காரர்கள் எல்லோர் கையிலும் அதுதான். எல்விஸ் பிரெஸ்லியின் முதல் பதிவுகளில் பில் பிளாக் வாசித்ததும் ஒரு கே பேஸ்தான். 1960களின் கடைசியில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. பேஸ் செய்யும் பகுதி எங்கல்ஹார்ட் என்ற பெயரில் அதே இல்லினோய் மாநிலத்தில் தொடர்ந்தது. இன்றைக்குப் பழைய கே ஒன்று 'மலிவு' என்ற கணக்கிலேயே வராது. பெயருக்கும் சேர்த்துத்தான் விலை.

ஜேர்மன் பேஸ் என்று சொல்லும்போதுதான் எனக்குக் கதை சுவைக்கிறது. இன்று செக் நாட்டில் லூபி என்று இருக்கும் ஊரின் பழைய பெயர் ஷோன்பாக். ஜேர்மன் மொழி பேசிய வாத்தியத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர்களைச் செக்கோஸ்லோவாக்கியா வெளியேற்றியது. பலர் மேற்கு ஜேர்மனியின் எர்லாங்கன் பக்கத்துக்கு வந்து, புபன்ரொய்த் என்ற சின்ன ஊரையே வாத்திய ஊராக்கினார்கள். பிரமுஸ் நிறுவனம் 1946இல் அப்படிப் பிறந்தது. ஹோஃப்னர் குடும்பமும் அங்கே போய்ச் சேர்ந்தது. 1930இல் ஒரு தொழிலாளி செய்த வாத்தியத்தில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்றும், 1955இல் அதே கை செய்ததில் 'ஜேர்மனி' என்றும் இருக்கும். கை மாறவில்லை, பட்டறைப் பழக்கம் மாறவில்லை, தாளில் அச்சிட்ட நாடு மட்டும் மாறியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பக்கத்து லயத்துச் சனம் இராமேஸ்வரம் போனதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நாட்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதே என்றேன். சீன வாத்தியங்களைப் பற்றி ஒரு காலத்தில் இருந்த இளக்காரம் இன்று பொருந்தாது. சுஜோ நகரத்துப் பட்டறைகளில் இருந்து வரும் ஒட்டுப்பலகை பேஸ்களை அமெரிக்கக் கலைஞர்களே தேடி வாங்குகிறார்கள். அதே சீனாவிலிருந்து விறகுக்கு மட்டுமே உதவும் பேஸும் வருகிறது. பார்க்க வேண்டியது குதிரை சரியாகச் செதுக்கப்பட்டிருக்கிறதா, உள்ளே நிற்கும் ஒலித்தூண் பொருந்தியிருக்கிறதா, கழுத்து அசையாமல் இருக்கிறதா என்பதை. விரற்பலகை உண்மையான கருங்காலியா, சாயம் பூசிய வேறு மரமா என்பதையும் சுரண்டிப் பார்க்க வேண்டும். விரற்பலகைக்கு உலகம் போற்றிய கருங்காலி ஒரு காலத்தில் இலங்கையுடையது. இன்று இங்கே அதை வெட்டச் சட்டம் விடாது.

ரூமேனியாவில் ரெகின் என்ற ஊரில் 1951இல் தொடங்கிய வாத்தியத் தொழிற்சாலை இன்றும் ஒட்டுப்பலகை பேஸ் செய்கிறது. உறுதியான உடம்பு, கையடக்கமான விலை, வாங்கியபின் நல்ல ஆளிடம் கொடுத்துச் சீர்செய்ய வேண்டியிருக்கும். அதன் பெயர் ஹோரா. அந்நாட்டு வட்ட நடனத்தின் பெயரும் அதுவே. பெயரைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். நம் பக்கத்துக் காட்டு ஓடைக் கரைகளில் நெடுநெடுவென்று நிற்கும், இரண்டு சிறகுள்ள காய் உதிர்க்கும் மரத்துக்குச் சிங்களத்தில் என்ன பெயர்? ஹொர. அந்த மரம் எதற்குப் போனது என்று தெரியுமா? ஒட்டுப்பலகைக்கு. ஒட்டுப்பலகை எதற்குப் போனது? தேயிலைப் பெட்டிக்கு.

நாற்பது வயது தாண்டியவர்களுக்குத் தேயிலைப் பெட்டி நினைவிருக்கும். ஒட்டுப்பலகைச் சுவர், உள்ளே ஈயத்தாள், ஓரமெல்லாம் தகரப் பட்டி. ஏறத்தாழ 100 இறாத்தல் பிடிக்கும். பலகைகள் கட்டுக்கட்டாகத் தோட்டத்துக்கு வரும், பெக்டரியில் பெட்டி அடிக்கும் ஆட்கள் ஆணி அடித்துச் சேர்ப்பார்கள். தோட்டத்தின் பெயரும் தூளின் தரமும் வெளியே குத்தப்படும். நம் பக்கத்துக்குக் களனிவெளிச் சின்ன ரயில் 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் பெல்மதுளையைத் தாண்டி ஓப்பநாயக்கவுக்கும் வந்த பிறகு, கொழும்பு போகும் சுமைகளில் இந்தப் பெட்டிகளும் இருந்தன.

ஆரம்பத்தில் பலகை இங்கிருந்து வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானிலிருந்து மோமி மரப் பெட்டிகள் வந்தன. பிறகு பால்டிக் கடலோரத்து ஒட்டுப்பலகை. எஸ்தோனியாவின் தலினில் லூதர் குடும்பத்தின் தொழிற்சாலை செய்ததை இலண்டனில் வெனெஸ்டா என்ற நிறுவனம் விற்றது. ஷாக்கில்டன் 1907இல் தென்துருவப் பயணம் போனபோது சாமான் கொண்டுபோனதும் வெனெஸ்டா பெட்டிகளில்தான். அவருடைய ஆட்கள் பனிக்குள் இருந்தபடியே ஒரு புத்தகம் அச்சடித்து, அந்தப் பெட்டிப் பலகையையே அட்டையாகப் போட்டார்கள். பிர்ச் மரம் வடக்கே வளர்ந்து, பெட்டியாகி, சப்ரகமுவ மலைக்கு வந்து தேயிலை நிரப்பிக்கொண்டு திரும்பவும் வடக்கே போயிருக்கிறது.

அங்கே போன பெட்டியில் ஒன்றைப் பிள்ளைகள் வாத்தியமாக்கினார்கள். 1956இல் லொனி டொனகனின் பாட்டொன்று பிரித்தானியாவைக் கலக்கியது. ஸ்கிஃபிள் என்ற அந்த இசைக்குக் காசு தேவையில்லை: ஒரு கிட்டார், துணி துவைக்கும் தகரப் பலகை, பேஸுக்குத் தேயிலைப் பெட்டி. பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டு ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தும்புத்தடிப் பிடியில் முடிவார்கள். பிடியைச் சாய்த்தால் கயிறு தளர்ந்து சுரம் இறங்கும், இழுத்தால் ஏறும். டபுள் பேஸ் வாங்க முடியாத பிள்ளைகளின் ஒட்டுப்பலகை பேஸ் அது. 1957 ஜூலை 6ஆம் திகதி லிவர்பூலின் வூல்டனில் ஒரு தேவாலய விழாவில் ஜோன் லெனனின் குழு வாசித்தபோதும் மேடையில் தேயிலைப் பெட்டி பேஸ் இருந்தது. போல் மெக்கார்ட்னி லெனனை முதலில் சந்தித்தது அன்றுதான். மேலே சொன்ன பில் பிளாக்கின் கே பேஸ் இன்று அந்த மெக்கார்ட்னியிடம் இருக்கிறது. அவர் பீட்டில்ஸில் வாசித்த வயலின் வடிவக் கிட்டார், ஷோன்பாக்கிலிருந்து விரட்டப்பட்ட அதே ஹோஃப்னர் குடும்பத்தின் நிறுவனம் செய்தது. அந்தத் தேயிலைப் பெட்டி எந்த மலையிலிருந்து போனதென்று யாராலும் சொல்ல முடியாது. அசாமாக இருக்கலாம், கென்யாவாக இருக்கலாம், இலங்கையாகவும் இருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் பால்டிக் பலகை நின்றுபோனது. தேயிலையோ நிற்கக் கூடாது. அப்போது காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசு ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தொடங்கியது. பெட்டிக்கான மரத்துக்கு நம் ஈரவலயக் காடுகளைத் தேடினார்கள். பிறகு பெரிய ஆசை வந்தது. கொழும்புப் பாதையில் அவிசாவளையைத் தாண்டியதும் நாம் கடந்துபோகும் கொஸ்கமவில் இன்னொரு பெரிய தொழிற்சாலை. அதற்குத் தீனியாக 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்கள் இறங்கின.

சிங்கராஜா எங்கோ தூரத்தில் இல்லை. நம் இரத்தினபுரி மாவட்டத்திலும் அதன் பங்கு இருக்கிறது. கலவானைப் பக்கமாகவும் போகலாம், இறக்குவானைப் பக்கமாகவும் போகலாம். அன்று எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தீலோ ஹொஃப்மன் என்ற சுவிஸ்காரர். வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தை வழிநடத்தியவர். 1977இல் ஆட்சி மாறியதும் வெட்டு நிறுத்தப்பட்டது. 1978இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம், 1988இல் உலக மரபுரிமை. இன்று அங்கே போகிறவர்கள் வெத்தாகலைக்கு அப்பால் நடக்கும் பாதையில் ஒரு பகுதி, அன்று மரம் இழுக்க வெட்டிய பாதைதான்.

நூறு வருட மரம் ஒன்று, ஒரே ஒரு பயணம் போகும் பெட்டிக்கு. எனக்கு இதை மன்னிக்க முடியவில்லை. ஆனால் பெட்டி அடித்தவரையும் பட்டறைத் தொழிலாளியையும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளத்தில் வளர்ந்த வீடுகள் இங்கேயும் உண்டு. பின்னர் பெட்டியின் இடத்தைப் பல மடிப்புக் கடதாசிப் பை பிடித்தது. தேயிலைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தப் பை இருபது வருடம் முன்னே வந்திருந்தால் சிங்கராஜாவுக்குள் ஒரு மரமும் விழ வேண்டியிருந்திருக்காது.

பழைய தேயிலைப் பெட்டி இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு என்று நினைக்கிறேன். நெல் போடவோ கிடாப்பிலோ இருக்கலாம். உள்பக்கப் பலகையில் முத்திரை ஏதும் தெரிந்தால் படம் எடுத்துக் கீழே பதியுங்கள். பின்லாந்தா, எஸ்தோனியாவா, கிந்தோட்டையா என்று சேர்ந்து பார்ப்போம். பெக்டரியில் பெட்டி அடித்த பெரியவர்கள் யாராவது நம் ஊரிலோ காவத்தைப் பக்கமோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வந்து உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.