சீறிவரும் நீரைச் சாந்தப்படுத்திய வரலாறு

மாரிமழையாற் குளம் நிரம்பியிருக்க, துருசுக் கதவு திறக்கப்படும் வேளையில் அதன் கீழே நின்று பார்த்தோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கதவின் அடியாற் புறப்படும் நீர் மெல்லிய தகடுபோற் பரந்து அம்பென விரைகின்றது. சிறிது தூரம் சென்றதும் திடீரென மேலெழுந்து, நுரைத்துக் குமுறி, அப்பால் ஆழமும் அமைதியும் உடைய நீராய் நடக்கின்றது. நாம் இதனை வேடிக்கையாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றோம். ஆனால், 'நீர்த்தாவல்' எனப்படும் இந்நிகழ்ச்சி நெடுங்காலம் அறிஞரின் சிந்தனைக்கு வேலை கொடுத்தது. ஈற்றில் ஒரு பள்ளத்தாக்கு மக்களின் உயிருக்கே காவலாயிற்று. அவ்வரலாற்றையே இங்கு சுருக்கமாகக் கூற விரும்புகின்றோம்.

இத்தாலிய மேதை லியனாடோ டா வின்சி (1452–1519) நீரின் சுழிகளையும் அலைகளையும் நுணுகி நோக்கித் தம் குறிப்பேடுகளில் வரைந்தவர். நீர்த்தாவலும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. எனினும், அதனை வாய்க்காலில் அமைத்து முறையாக அளந்தறிந்தவர் தூரின் நகரத்து அறிஞர் ஜோர்ஜியோ பிடோனே ஆவார். தம் பரிசோதனைகளை அவர் 1819ஆம் ஆண்டு திசெம்பரில் அந்நகரின் அரச விஞ்ஞானக் கழகத்துக்குச் சமர்ப்பித்தார்.

நீர் ஏன் இவ்வாறு தாவுகின்றது? ஓரடி ஆழமுள்ள நீரில் எழும் சிற்றலை செக்கனுக்கு ஏறக்குறைய 5.7 அடி தூரமே செல்லும். ஓட்டம் அதனிலும் விரைவானதாயின், கீழேயுள்ள அலை எதுவும் எதிரேறி வரமாட்டாது. முன்னே மெதுவான நீர் நிற்கின்றதென்ற செய்தியே விரைந்துவரும் நீருக்கு எட்டுவதில்லை. எனவே, அது படிப்படியாகத் தணியாது, ஓரிடத்திலே மோதித் தாவுகின்றது.

இத்தாவலின் உயரத்தைக் கணக்கிட முனைந்தவர் பிரான்சிய பொறியியலாளர் ழான் பத்தீஸ்து பெலாஞ்சே. 1828இல் அவர் வெளியிட்ட நூலில், தாவலின்போது நீரின் சக்தி குறைவதில்லை என்று கொண்டு கணக்கிட்டார். அக்கணக்கு வழுவுடையது. நுரையிலும் சுழியிலும் சக்தியின் ஒரு பங்கு கழிந்துபோவதை அது கருதவில்லை. ஆயினும் அவர் தம் கூற்றையே பற்றிக்கொண்டு நின்றாரல்லர். நீரின் உந்தத்தை அடிப்படையாக வைத்து மீண்டும் ஆராய்ந்து, 1841ஆம் ஆண்டின் பாடக்குறிப்புகளிலே சரியான சமன்பாட்டை மாணவருக்கு அளித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பாரிசிலுள்ள ஐஃபல் கோபுரத்திற் பொறிக்கப்பட்ட 72 பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.

அச்சமன்பாடு கூறுவதை ஓர் உதாரணத்தாற் காண்போம். ஓரடி ஆழத்துடன் செக்கனுக்கு 28 அடி வேகத்தில் வரும் நீர், தாவியபின் ஆறரை அடி ஆழமாகின்றது. அத்துடன் அதன் சக்தியில் ஏறக்குறையப் பாதி அவ்விடத்திலேயே ஒழிந்துவிடுகின்றது. முதற் கணக்கிலே விடுபட்டுப்போன இவ்விழப்புத்தான் பின்னர் மனிதருக்குப் பெரும் ஊதியமாயிற்று.

1913ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து மயாமி ஆறு பெருக்கெடுத்தது. டேற்றன் நகரின் அணைக்கரைகள் உடைந்தன; வீதிகள் வெள்ளத்துள் மறைந்தன. மக்கள் வீட்டு முகட்டறைகளில் ஏறி உயிர்காத்தனர். அப்பள்ளத்தாக்கில் 360 பேருக்கு மேல் மாண்டனர். இத்துயர் மீண்டும் நேராதிருக்கவேண்டுமென்று உறுதிகொண்ட மக்கள் தாமே நிதி திரட்டினர். ஆதர் மோகன் என்னும் பொறியியலாளரின் தலைமையில், ஆற்றின் மேற்பகுதிகளில் ஐந்து மண்ணணைகள் திட்டமிடப்பட்டன.

அவ்வணைகளுக்குக் கதவுகள் இல்லை. சாதாரண நாளில் ஆறு அடிப்பாகத்து வழிகளாலே தடையின்றிச் செல்லும். பெருவெள்ளம் வரின், அவ்வழிகள் கொள்ளுமளவு நீரே வெளியேற, எஞ்சியது அணையின் பின்னே தேங்கும். ஆனால், தேங்கிய நீரின் பாரத்தாற் சீறிப்புறப்படும் ஓட்டம் அணையின் அடியையே அரித்துவிட்டால்? ஊரைக் காக்கக் கட்டியதே ஊருக்கு யமனாகிவிடும்.

இதற்கு விடை தேடி றீகல், பீபி என்னும் இருவர் சிறிய மாதிரிகள் அமைத்துச் சோதித்தனர். அவர்களின் அறிக்கை 1917இல் வெளிவந்தது. வாயிலுக்குக் கீழே கொங்கிறீற்றுத் தடாகமும் படிகளும் தாழ்ந்த குறுக்குச் சுவர்களும் அமைத்து, நீரை அங்கேயே தாவச் செய்வதே அவர்கள் கண்ட வழி. நீரின் சீற்றம் தடாகத்துள்ளே தீர்ந்துபோக, ஆறு சாந்தமாய் வெளியேறும். 1922இல் நிறைவெய்திய அவ்வணைகள் இதுவரை 2000 தடவைகளுக்கு மேல் வெள்ளத்தைத் தேக்கிக் காத்துள்ளன. 1913இல் நேர்ந்த அழிவு டேற்றனுக்கு மீண்டும் நேரவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு. தம் பிழையைத் தாமே திருத்திக்கொண்ட ஆசிரியரின் நேர்மை ஒன்று. பெருஞ் சீற்றத்தை மறித்து வெல்ல முயலாது, அது தன்னைத்தானே தீர்த்துக்கொள்ளத் தக்க இடத்தை வகுத்துக்கொடுத்த அறிவு மற்றொன்று. இளைஞர்களே! அடுத்த மாரியிற் குளத்தடிக்குச் செல்லும்போது, துருசின் கீழே நுரைக்கும் நீரைச் சற்றுநேரம் நின்று பாருங்கள். பெரியோர் அருகிருப்பின் அவர்களையும் அழைத்துக் காட்டுங்கள். பிடோனே அளந்ததும், பெலாஞ்சே கணக்கிட்டதும், டேற்றன் நகரைக் காப்பதும் அதுவே.