விடுதலைக்குப் பின் முகவரி: பிரிவு 394-க்கு ஒரு விளக்கவுரை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 394ஆம் பிரிவு, சிறையிலிருந்து வெளியே வருபவரைப் பற்றியது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 356ஆம் பிரிவாக இருந்தது. விழுப்புரம் வேடம்பட்டுச் சிறையிலிருந்தோ கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையிலிருந்தோ திண்டிவனம் பக்கத்து ஊருக்குத் திரும்புகிற ஒருவரை மனத்தில் வைத்து இதைப் பகுதி பகுதியாகப் படிக்கலாம்.

மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், அத்தகைய குற்றத்துக்கு மீண்டும் தண்டனை பெற்றால்...

நீதிபதி எத்தனை ஆண்டு விதித்தார் என்பது இங்கே கணக்கில்லை. சட்டம் எத்தனை ஆண்டு வரை விதிக்க இடம் தருகிறது என்பதே கணக்கு. சாதாரணத் திருட்டுக்கே மூன்றாண்டு வரை உண்டு. ஆகவே ஆடு திருடி இரண்டு முறை தண்டனை பெற்றவர் இதற்குள் வருவார். ஒரே ஒரு கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் வரமாட்டார். கடுங்குற்றவாளியைக் கண்காணிக்கத்தான் இந்தப் பிரிவு என்றால், வலை தவறான இடத்தில் விரிக்கப்பட்டிருக்கிறது.

தண்டனை விதிக்கும்போதே, தக்கதெனக் கருதினால், நீதிமன்றம் ஆணையிடலாம்...

நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்பது நல்ல காவல். பழைய குற்றவாளிகளைக் கண்காணிக்கக் காவல் நிலையத்தில் திறக்கப்படும் சரித்திரப் பதிவேட்டுக்கு அந்தக் காவல் இல்லை. ஆனால் ஆணை பிறக்கும் நேரம் தவறு. ஏழாண்டு கழித்து வெளியே வரப்போகிறவரின் நிலையை உள்ளே போகும் நாளிலேயே எப்படி எடைபோடுவது? சிறையில் அவர் படித்தாரா, தொழில் கற்றாரா, வீட்டார் ஏற்றுக்கொள்வார்களா என்பதெல்லாம் நன்னடத்தை அலுவலருக்குத்தான் தெரியும். விடுதலைக்குச் சில மாதம் முன்பு அவருடைய அறிக்கையைக் கேட்டு முடிவெடுப்பதே நியாயம்.

வசிப்பிடத்தையும், அதன் மாற்றத்தையும், அங்கே இல்லாதிருப்பதையும் அறிவிக்க வேண்டும்...

பிரிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ இதே கடமையை 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், பதிவு செய்யப்பட்ட சாதிகள்மீது சுமத்தியது. விழுப்புரம் அன்று தென்னார்க்காடு மாவட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவானவர்களைக் குடியமர்த்திய அஜீஸ் நகர் குடியிருப்பு அந்த மாவட்டத்தில்தான் அமைந்தது. தனிமனிதர் செய்த குற்றத்துக்குப் பதில் பிறப்பையே அந்தச் சட்டம் குற்றமாக எண்ணியது. சென்னை மாகாணம் 1947இல் அதை ஒழித்தது. 394 பிறப்பைக் கேட்கவில்லை, தீர்ப்பைக் கேட்கிறது. அந்த வேறுபாடு பெரிது. ஆனால் தீர்ப்புக்குக் கீழே வழக்கு இருக்கிறது. பழங்குடியினரான இருளர்கள்மீது பொய்யாகத் திருட்டு வழக்குப் போடுவதை எதிர்த்துத் திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். மனைப்பட்டா இல்லாமல் அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவருக்கு எது வசிப்பிடம்? பிழைக்கப் போவதே அவருக்கு 'இல்லாதிருப்பது' ஆகிவிடுகிறது.

தண்டனை முடிந்ததிலிருந்து ஐந்தாண்டுக்கு மிகாமல்...

உச்சவரம்பு இருப்பது நல்லது. மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானால் இந்த ஆணையும் செல்லாது என அடுத்த உட்பிரிவு ஒன்று சொல்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாநில அரசு விதி வகுக்கலாம். மீறினால் தண்டனையும் வைக்கலாம். கடைசியாக அறிவித்த வசிப்பிடம் இருக்கும் மாவட்டத்தில் விசாரணை நடக்கலாம்...

சீர்திருத்தத்துக்கு வாசல் இங்கே திறந்திருக்கிறது. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள துறை. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் ஒன்றிய அரசு அனுப்பிய மாதிரிச் சட்டம், விடுதலைக்குப் பிந்தைய பராமரிப்பையும் பேசுகிறது. தமிழ்நாடு வகுக்கும் விதியில் தகவல் பெறுபவர் காவல் ஆய்வாளராக இல்லாமல் நன்னடத்தை அலுவலராக இருக்கட்டும். தொலைபேசியில் சொன்னால் போதும் என்றாகட்டும். வேலைக்காக வெளியூர் போவது மீறல் ஆகாது என்று வெளிப்படையாக எழுதப்படட்டும். இல்லாவிட்டால் செங்கல்பட்டுச் சூளையில் இருப்பவர் வாய்தாவுக்கு வாய்தா விழுப்புரம் மாவட்டத்து நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அன்றைய கூலி போகும், சூளையில் வாங்கிய முன்பணமோ கழியாமல் நிற்கும்.