கொடுப்பவரும் ஏற்பவரும்: கலைச் செல்வத்தை மக்களுக்கு வக்பு செய்தல்

கல்முனைக் கரையிலுள்ள எந்தப் பள்ளிவாசலின் வரலாற்றை விசாரித்தாலும் பேச்சு நிலத்திலேயே தொடங்கும். இந்த வளவை இன்னாருடைய மூத்தவாப்பா வக்பு செய்தார், அந்தத் தென்னந்தோட்டத்தின் வருமானம் விளக்கெண்ணெய்க்கென்று இன்னார் எழுதிவைத்தார் என்று முதியவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். கொடுத்தவரின் பெயர் சில வேளை மறந்துபோயிருக்கும். கொடுத்த கிணற்றில் மட்டும் நீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள். மனிதன் இறந்த பின்னும் பயன் தந்து நிற்கும் தருமம், பிறர் பயன்பெறும் அறிவு, நல்ல பிள்ளை என்னும் மூன்றைத் தவிர மற்றெல்லாச் செயலும் அவனோடு முடிந்துவிடும் என்ற நபிமொழியை மதரசாவில் ஓதிய சிறுவனும் அறிவான்.

நிலம் கொடுத்தோம், வயல் கொடுத்தோம், பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தோம். கலைப்பொருளை, ஏட்டை, நெய்த துணியை, கையெழுத்துப் பிரதியை ஊருக்கென்று கொடுக்கும் வழக்கம் மட்டும் நம்மிடையே ஏன் வேரூன்றவில்லை? இக்கேள்வியை நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தைக் கூறுமுன் சிறிது வரலாற்றைப் பார்ப்போம்.

வக்பு என்பது வெறும் நன்கொடை அன்று. கொடுத்தவர் தம் உடைமையை முற்றாகத் துறக்கிறார். அதன் பின் அப்பொருளை விற்க முடியாது. அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ளவும் முடியாது. பயன் மட்டும் குறித்த மக்களைச் சென்றடையும். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் பள்ளிவாசல்களுக்கும் முஸ்லிம் தரும நம்பிக்கைப் பொறுப்புகளுக்கும் பதிவும் மேற்பார்வையும் ஏற்படுத்தியது. ஆயினும், வக்பு என்றதும் இன்றும் நம் மனக்கண்ணில் தோன்றுவது காணியும் கடைத்தெருவுமே.

இஸ்லாமிய உலகின் வரலாறு இத்தனை குறுகியதன்று. உதுமானியர் காலத்து இஸ்தான்புல்லில் நூலகங்களே வக்புகளாக எழுந்தன. நூல்களில் வக்பு முத்திரை பதிக்கப்பட்டது. 1611ஆம் ஆண்டிலே பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், தம் அரண்மனையில் சேர்ந்திருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட சீனப் பீங்கான் கலங்களை அர்தபீல் நகரத்து அடக்கத்தலத்துக்கு வக்பு செய்தார். கலங்களில் வக்பு வாசகம் பொறிக்கப்பட்டது. அவற்றை வைப்பதற்கென்றே மாடங்கள் நிறைந்த தனி மண்டபம் ஒன்றும் அமைக்கப்பட்டது. அங்கிருந்த ஓவிய ஏடுகளை 1828இல் ரஷ்யப் படைகள் அள்ளிச் சென்றன. பீங்கான் கலங்களின் பெரும்பகுதியோ எஞ்சி நின்று இன்று ஈரானிய மக்களின் சொத்தாக விளங்குகிறது. மன்னனின் கொடையைப் பாட நாம் இதனைக் கூறவில்லை. கலைத் தொகுதியையும் வக்பு செய்யலாம் என்பதற்கு நானூறு ஆண்டுக்கு முந்திய சான்று இது என்பதற்காகவே கூறுகிறோம்.

இனி நம் தீவுக்கு வருவோம். கலைத் தொகுதி ஒன்றை மக்களுக்கு அளிக்க விரும்பியும் அளிக்க இயலாது போன ஒருவரின் கதை நம் நாட்டிலேயே உண்டு. அவர் ஆனந்த குமாரசுவாமி.

1877இல் கொழும்பில், சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர் அவர். 1903ஆம் ஆண்டளவில் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் தலைவராக இலங்கையின் மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது, கல்லை ஆராய வந்தவரின் கண் கம்மியரின் கைமீது விழுந்தது. அந்நிய ஆட்சியும் ஆலைச் சரக்கும் அந்தக் கைகளை வேலையற்றனவாக்கிக்கொண்டிருந்தன. 1908இல் அவர் வெளியிட்ட, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் தச்சரையும் கொல்லரையும் நெசவாளரையும், பாய் பின்னும் பெண்களையும் கலைஞர்களென்று மதித்துப் பேசிற்று. அந்நூலை அவர் வில்லியம் மொரிஸின் அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. மொரிஸ் கவிஞர், கைவினைஞர், சோசலிசவாதி.

பின்னர் அவர் இந்தியா சென்றார். 1910–11இல் அலகாபாத்தில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியின் கலைப்பகுதியைப் பொறுப்பேற்றார். வட இந்திய நகரங்களெங்கும் சுற்றி ஓவியங்களைத் திரட்டினார். அக்காலத்தில் இந்திய ஓவியம் என்றாலே மொகலாய ஓவியம் என்பதுதான் அறிஞர் கொள்கை. ராஜபுதனத்திலும் பஞ்சாப் மலைநாட்டிலும் தோன்றிய ஓவியங்களைத் தனியொரு மரபென இனங்கண்டு, 1916இல் இரு பாகங்களாக அவற்றைப் பற்றி நூல் எழுதினார்.

தாம் திரட்டியவற்றை இந்திய மக்களுக்கே விட்டுச்செல்ல அவர் விரும்பினார். தேசிய நூதனசாலை ஒன்றை எழுப்புங்கள், என் தொகுதி முழுவதையும் தருகிறேன் என்றார். அதனை ஏற்கத் தக்க கட்டடமும் பணமும் திரளவில்லை. அந்நிய அரசுக்கு அதில் அக்கறை இல்லை. உள்நாட்டுச் செல்வர்களின் பணப்பையும் திறக்கவில்லை. 1917இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலை அவரை இந்தியப் பகுதியின் காப்பாளராக அழைத்தது. டென்மன் றொஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அத்தொகுதியை வாங்கி அந்நூதனசாலைக்கு அளித்தார். 1947இல், இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், குமாரசுவாமி அமெரிக்க மண்ணிலேயே காலமானார். ராஜபுத்திர ஓவியத்தைக் கற்க விரும்பும் இந்திய மாணவன் கடல் கடந்து பொஸ்டனுக்குச் செல்லவேண்டிய நிலை இவ்வாறுதான் பிறந்தது.

இக்கதையை அன்னியர் கொள்ளை என்று மட்டும் சொல்லி முடித்துவிடுதல் எளிது. கொடுக்க ஒருவர் கையை நீட்டினார். ஏற்பதற்கு நம்மிடம் கை இல்லை. அதுவே இதன் சாரம்.

ஏற்கும் கை இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு மொஸ்கோ நகரைக் காட்டலாம். ஆளிநார்த் துணி ஆலையின் உடைமையாளரான பாவெல் திரெத்தியகோவ், ரஷ்ய ஓவியர்களின் படைப்புகளைப் பல்லாண்டுகள் வாங்கிச் சேர்த்து, 1892இல் ஏறத்தாழ இரண்டாயிரம் படைப்புகளை மொஸ்கோ நகரசபைக்கு அளித்தார். மக்கள் கட்டணமின்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1918இல் சோவியத் அரசு அதனை நாட்டுடைமையாக்கியது. திரெத்தியகோவின் பெருந்தன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓவியங்களை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? தறியின் முன் நின்ற ஆயிரமாயிரம் தொழிலாளரின் உழைப்பிலிருந்து வந்தது. ஆதலால் செல்வர் தம் கலைத் தொகுதியை மக்களுக்கு அளிக்கும்போது அதனைத் தானம் என்பதிலும் கடன் தீர்த்தல் என்பதே பொருந்தும். இவ்வாறு எண்ணுவதால் கொடுப்பவரின் பெருமை குறையாது. பெறுபவரின் தலை குனியாது.

கொழும்பிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1943இல் லயனல் வென்ட்டின் இல்லத்தில் கூடிய ஓவியர்கள் ‘43 குழு’வை அமைத்தார்கள். ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் முதலியோர் அதில் இருந்தனர். பிரித்தானியக் கலைப்பள்ளியின் பழைய பாடத்தை மறுத்து, நவீன கலையை இந்நாட்டு மண்ணில் ஊன்றியவர்கள் அவர்கள். வென்ட் 1944இல் மறைந்தார். அவர் நினைவாக எழுந்த கலையரங்கு 1953இல் திறக்கப்பட்டது. ஹரி பீரிஸ் 1974இல் சபுமல் மன்றத்தை நிறுவி, பார்ன்ஸ் பிளேஸிலுள்ள தம் வீட்டையும், தாம் சேர்த்த தம் தோழர்களின் ஓவியங்களையும் அதன் பொறுப்பில் வைத்தார். 1988இல் அவர் காலமானார். தொகுதி சிதறவில்லை. தாம் வாழும்போதே ஏற்பவரை உருவாக்கி, பின் கொடுத்த அவருடைய முன்யோசனையே இதற்குக் காரணம்.

நம் கரைக்குத் திரும்புவோம். ஏற்கும் நிறுவனத்தை உருவாக்குதல் நமக்குப் புதிய கலை அன்று. 1942இல், போர்க்காலத்து உணவுற்பத்தியைப் பெருக்கவெனக் கல்முனையில் திறக்கப்பட்ட அவசரகாலக் கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். இங்கே காரைதீவின் மைந்தர் சுவாமி விபுலானந்தரின் நட்பு அவருக்குக் கிட்டியது. வயலில் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி எட்டாதிருப்பதைக் கண்ட அஸீஸ், அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1945இல் நாடு தழுவி எழுந்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அதுவே முன்னோடி. தனித்தனியே சிதறிக் கிடந்த ஈகையை ஒரு சங்கம் திரட்டியது. அதன் பயனை ஏழை மாணவர் பெற்றனர்.

கல்விக்குச் செய்ததைக் கலைக்கு நாம் செய்யவில்லை. நம்மிடம் என்ன கலைத் தொகுதி இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். உருவ ஓவியம் நம் வீடுகளில் அரிதென்பது உண்மையே. ஆனால் பன்புல்லைச் சாயமிட்டு நம் பெண்கள் இழைத்த பாய்களின் கோலங்கள் கலை அல்லவா? மருதமுனைத் தறிகளில் பிறந்த சேலையும் சாரமும் கலை அல்லவா? மூத்தம்மாமாரின் வெற்றிலை வட்டா, செதுக்குவேலைப் பெட்டகம், அரபுத்தமிழில் எழுதிய ஏடுகள், வாய்வழி வந்த கவிகள் ஆகிய யாவும் கலைச் செல்வமே. இவற்றைச் செய்தோர் பெயர் எழுதிவைக்கவில்லை. அவர்கள் உழைக்கும் மக்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தது. இலங்கையில் அதிக உயிர்களைப் பலிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை முதல் நிந்தவூர் வரை கரையோர வீடுகள் தரைமட்டமாயின. இறந்தவர்களை அடக்கியபின், பெட்டகமும் ஏடும் எங்கே என்று தேட யாருக்கு மனம் வரும்? மனித உயிரின் முன் அவை சிறியவைதாம். ஆனால் தாயை இழந்த பிள்ளைக்கு அவள் இழைத்த பாய் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதும் ஓர் இழப்பே. ஒவ்வொரு வீடும் தன் செல்வத்தைத் தானே காத்ததால், வீட்டோடு அதுவும் போயிற்று. மேட்டுநிலத்தில் ஊரின் பொதுக் காப்பிடம் ஒன்று இருந்திருந்தால் ஒரு பகுதியேனும் பிழைத்திருக்கும். இக்கேள்வியை எழுப்பக் காரணம் உண்டென்று தொடக்கத்தில் கூறினோமே, அது இதுதான்.

வெள்ளம் இன்றியும் இச்செல்வம் அழிகிறது. வீடு சீதனமாக மகளுக்குச் செல்லும். வீட்டிலுள்ள பொருள்கள் வாரிசுகளிடையே பங்காகும். பழம்பொருள் வியாபாரி வாசலில் நிற்பான். மரணசாசனத்தால் கொடுக்க நினைப்பவருக்கு ஷரீஅத் மூன்றிலொரு பங்கையே அனுமதிக்கிறது. வாழும் நாளில், நலமாயிருக்கும்போதே வக்பு செய்பவருக்கு அந்த எல்லை இல்லை. எனவே ஹரி பீரிஸின் வழியும் நம் மார்க்கத்தின் வழியும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

ஆசிரியர்களும் மாணவர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி இது. முதலில் ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் வீடுகளில் எஞ்சியவற்றைப் பதிவுசெய்யட்டும். பொருளின் பெயரோடு செய்தவரின் பெயரையும் கேட்டு எழுதட்டும். ஒலுவிலில் நமக்கெனப் பல்கலைக்கழகம் உண்டு. பள்ளிவாசல்தோறும் மரைக்காயர்மார் உண்டு. காரைதீவிலும் பாண்டிருப்பிலும் நம்மைப் போன்றே கடலிடம் இழந்த தமிழ் அயலவர் உண்டு. இவர்கள் ஒன்றுகூடிக் காப்பிடம் ஒன்றைக் கட்டி, அதற்கு எழுத்திலான விதிகளை வகுத்து, கணக்கை மக்கள் முன் வைக்கட்டும். கதவு கூலிக்காரருக்கும் திறந்திருக்கட்டும்.

கொடுக்க மனமுள்ளவர்கள் நம் கரையில் என்றும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் தந்த கிணறுகளே அதற்குச் சாட்சி. இனி ஒரு குமாரசுவாமி நம் வாசலில் வந்து நின்றால், இடமில்லை என்று சொல்லி அனுப்பாதிருக்கும் பொறுப்பு நம்முடையது.