பாமுக்கு மொட்டை அடிக்கலாமா? 250 வருஷ முடியின் கதை

மார்ச் தாண்டினா போதும், நாய் வளர்க்கிறவங்க வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு கேள்வி தவறாம வந்துடும். "வெயில் ஆரம்பிச்சிடுச்சு. நம்ம பாமுக்கு மொட்டை அடிச்சிடலாமா?" கேட்கிறவங்க நல்ல மனசோடதான் கேட்கிறாங்க. நமக்கே டி-ஷர்ட் தாங்க முடியல, அது எப்படி ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு சுத்தும்னு ஒரு இரக்கம்.

இதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி, அந்த முடி பொமரேனியன் உடம்புக்கு எப்படி வந்ததுன்னு பார்த்துடலாம். ஒரு ராணியின் கல்யாணம், இன்னொரு ராணியின் இத்தாலி டூர், ஒரு பிஸ்கட் கம்பெனி ஊழியர், ஒரு ஃபேஸ்புக் பக்கம்னு எல்லாரும் இந்தக் கதையில வர்றாங்க.

பொமரேனியா என்பது ஒரு ஊர்ப்பக்கத்தின் பெயர். பால்டிக் கடலின் தென்கரையில், இன்றைய போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பிரிந்து கிடக்கும் பகுதி. குளிர்காலத்தில் பனி கொட்டும் இடம். அங்கேயும் ஜெர்மனியின் மற்ற பகுதிகளிலும் வீட்டையும் வண்டியையும் காவல் காத்த நாய்களை ஸ்பிட்ஸ் என்று அழைத்தார்கள். கூர்மையான முகம், நிமிர்ந்த சின்னக் காது, முதுகு மேல் சுருண்ட வால். ஹஸ்கி, சமோயெட் எல்லாம் இந்த ஜாடையில் வரும் சொந்தக்காரர்கள்தான்.

இந்தக் குடும்பத்துக்கு முடி இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு மாதிரி நெருக்கமான மெல்லிய முடி. அது காற்றைப் பிடித்து வைத்து உடம்புச் சூட்டை வெளியே விடாது. வெளியே நீளமான, கொஞ்சம் முரட்டு முடி. அது பனியையும் மழையையும் வெயிலையும் தோல் வரைக்கும் போகவிடாது. இந்த இரண்டு அடுக்கையும் மனசுல வெச்சுக்கோங்க, மீதிக் கதை முழுக்க அதை நம்பித்தான் போகுது.

1761-ல் மெக்லென்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் என்ற சின்ன ஜெர்மன் அரசிலிருந்து 17 வயது இளவரசி சார்லட், மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் கல்யாணம் செய்துகொள்ள இங்கிலாந்து வந்தார். அவருடைய பிறந்த வீடு பொமரேனியாவுக்குப் பக்கத்து நாடு. ஸ்பிட்ஸ் நாய்கள் அவர் வழியாக ஆங்கிலேய அரண்மனைக்குள் நுழைந்தன. ஃபீபி, மெர்க்குரி என்று அவருடைய இரண்டு நாய்களின் பெயர்கூட வரலாற்றில் இருக்கு.

அந்தக் கால பொமரேனியன் எப்படி இருந்தது என்று பார்க்க நமக்கு ஒரு ஓவியம் கிடைச்சிருக்கு. தாமஸ் கெயின்ஸ்பரோ 1777 வாக்கில், இசைக்கலைஞரான தன் நண்பர் ஒருவரின் பொமரேனியனையும் குட்டியையும் வரைந்தார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கு. தேடிப் பாருங்க. கையில் தூக்கி வைக்கிற பொம்மை இல்ல அது. நீளமான முகம், நீளமான கால், நல்ல உயரம். இன்றைய பாமைவிடப் பல மடங்கு பெரிய, முழு அளவு நாய். அந்த உடம்புக்கு அந்த முடி பொருத்தமாக இருந்தது.

அடுத்த திருப்பம் சார்லட்டின் பேத்தியிடம். விக்டோரியா ராணி 1888-ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் போனபோது மார்கோ என்ற சின்ன ஸ்பிட்ஸ் நாயை வாங்கி வந்தார். எடை 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரை கிலோ. இங்கிலாந்தில் அதுவரை பார்த்துப் பழகிய பொமரேனியன்களோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது. ராணிக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. விண்ட்சரில் இருந்த தன் நாய்க்கூடத்தில் சின்ன அளவு பொமரேனியன்களை வளர்க்க ஆரம்பித்தார்.

இங்கேதான் பிஸ்கட் கம்பெனி ஊழியர் வர்றார். ஸ்ப்ராட்ஸ் என்ற நாய் பிஸ்கட் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் க்ரஃப்ட், 1891-ல் லண்டனில் தன் பெயரில் ஒரு நாய்க் கண்காட்சி நடத்தினார். இன்றைக்கும் உலகின் மிகப் பெரிய நாய்க் கண்காட்சிகளில் ஒன்றான க்ரஃப்ட்ஸ் அதுதான். அந்த முதல் காட்சியிலேயே ராணியின் பொமரேனியன்களும் கலந்துகொண்டன, மார்கோ உட்பட. ராணி வளர்க்கும் நாய் போட்டிக்கு வந்தால் என்ன ஆகும்? ஊரே அந்த நாயைக் கேட்கும். அதே 1891-ல் இங்கிலாந்தில் பொமரேனியனுக்கென்று தனி கிளப் தொடங்கியாச்சு. சின்ன நாய்க்கு மவுசு, இன்னும் சின்ன நாய்க்கு இன்னும் மவுசு. 1901 ஜனவரியில் விக்டோரியா மரணப் படுக்கையில் இருந்தபோது, தன் பக்கத்தில் இருக்கணும்னு அவர் கேட்டதும் ஒரு பொமரேனியனைத்தான். அதன் பெயர் டூரி.

தலைமுறை தலைமுறையாகச் சின்னதைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, இன்றைய அமெரிக்க விதிப்படி ஒரு பாமின் எடை 3-லிருந்து 7 பவுண்டு. சுமார் 1.4 கிலோவிலிருந்து 3.2 கிலோவுக்குள். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது பிழைத்த நாய்கள் மூன்று. மூன்றுமே பொடி நாய்கள், அதில் இரண்டு பொமரேனியன். கையோடு அணைத்துக்கொண்டு படகில் ஏற முடிகிற அளவு அப்போதே வந்துவிட்டது.

இப்ப கவனிங்க. உடம்பைச் சுருக்கினார்கள். முகத்தைச் சுருக்கினார்கள். முடியை மட்டும் சுருக்கவில்லை. அழகுன்னு பரிசு கொடுத்ததே அந்த முடிக்குத்தான். பால்டிக் பனிக்காக உருவான இரண்டு அடுக்கு முடி, இப்போது ஒரு பூனையைவிடச் சின்ன உடம்பின் மேல். அதனால்தான் பாம் ஒரு பஞ்சு உருண்டை மாதிரித் தெரியுது.

நம்ம ஐடி பாஷையில சொன்னா இது லெகசி கோட். எப்பவோ யாரோ வேறொரு தேவைக்கு எழுதினது. இன்னிக்குப் பார்த்தா தேவையில்லாத மாதிரி இருக்கும், ஆனா அதை நம்பி வேற நாலு விஷயம் ஓடிக்கிட்டு இருக்கும். என்ன செய்யுதுன்னு தெரியாம டெலீட் பண்ணக் கூடாதுங்கிறது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச விதி. பாம் விஷயத்துல அந்த டெலீட் பட்டன் ட்ரிம்மர் மிஷின்.

"பூடிலுக்கு மட்டும் விதவிதமா வெட்டறாங்களே?" நியாயமான கேள்வி. பதில் முடியின் சுழற்சியில் இருக்கு. எந்த முடிக்கும் வளரும் காலம் ஒன்று, ஓய்வெடுக்கும் காலம் ஒன்று. பூடிலின் முடிக்கு வளரும் காலம் ரொம்ப நீளம், நம்ம தலைமுடி மாதிரி. வெட்டினால் உடனே மறுபடி வளரும், வெட்டாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். ஸ்பிட்ஸ் குடும்பம் நேர்மாறு. ஒரு நீளம் வந்ததும் பெரும்பாலான முடி ஓய்வுக்குப் போய்விடும், மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். உதிர்கிற சீசனில் உதிர்ந்து புதுசு வரும். பனி நாட்டில் முடி வளர்ப்பதற்கு உடம்பு தினமும் சத்தைச் செலவழிக்க முடியாதே. ஆக, ஓய்வில் இருக்கும் முடியை வெட்டினால், வேருக்கு அது தெரியாது. அடுத்த சுற்று வரும் வரைக்கும் அது தூங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கண்காட்சி விதியிலும் இந்த வித்தியாசம் தெரியும். பூடிலுக்கு எங்கே மழிக்கணும், எங்கே விடணும் என்று தனித்தனி ஸ்டைலே உண்டு. பாமுக்கு அமெரிக்க விதி அனுமதிப்பது, ஓரங்களை நேர்த்தியாகக் காட்டும் அளவு ட்ரிம்மிங் மட்டும்.

இந்த வழக்கத்தை உலக அளவில் மாற்றியது ஒரு நாய். பெயர் பூ. சான் ஃபிரான்சிஸ்கோவில் வளர்ந்த பொமரேனியன். 2009-ல் அதற்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் வந்தது. குட்டையாக வெட்டிய முடி, உருண்டை முகம், டெடி பேர் மாதிரி தோற்றம். கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பக்கத்தை லைக் செய்தார்கள், 2011-ல் புத்தகமும் வந்தது. அதுக்கப்புறம் உலகம் முழுக்க க்ரூமிங் கடைகளில் "அந்த மாதிரி வெட்டுங்க" என்று போட்டோ காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் பூவுக்கு முதலில் முடி வெட்டியது ஸ்டைலுக்காக இல்ல. பிரஷ் போக முடியாத அளவுக்கு முடி சிக்குப் பிடித்ததால் வெட்ட வேண்டியதாயிற்று. ஒரு ரிப்பேர் வேலை ஃபேஷன் ஆன கதை இது. பூ 2019 ஜனவரியில், 12 வயதில் இறந்தது.

சரி, வெட்டினா என்னதான் ஆகும்? பல பாம்களுக்கு முடி திரும்ப வந்துடும், உண்மை. சிலதுக்கு ஆறு மாசம், ஒரு வருஷம், அதுக்கும் மேல வராம நிற்கும். வந்தாலும் திட்டுத்திட்டா, நிறம் மாறி வரலாம். பொமரேனியன்களை அதிகம் பிடிக்கும் அலோபீசியா எக்ஸ் என்ற பிரச்சினையும் இருக்கு. உடம்பு முடி கொட்டி, தோல் கறுத்துப் போகும். வெட்டாத நாய்க்கும் அது வரும். ஒரு பாமுக்கு அது வரப்போகுதான்னு வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒட்ட வெட்டின பிறகு முடி வராம நிற்கும்போதுதான் சில வீடுகளில் அதையே கண்டுபிடிக்கிறாங்க.

இதில் பெரிய ஏமாற்றம், எந்த வெயிலுக்காக வெட்டினோமோ அதுக்கும் பெரிசா பலன் இல்லை என்பதுதான். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும், அதனால் மெல்லிய துணி போட்டா காத்து பட்டுக் குளிரும். நாய் தன் சூட்டை முக்கியமா நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் இறக்குது. தோலில் நம்மை மாதிரி வியர்த்துக் குளிர்வதில்லை. மொட்டை அடிச்சா வெயில் நேரா தோலில் படும், சுடும். சென்னை ஏப்ரல் வெயிலில் அந்த வெளி அடுக்கு முடி ஒரு குடை. குடையை வாங்கிட்டு வெயில்ல நிக்க வைக்கிறது உதவி இல்லையே.

ஆனா உள் அடுக்கைக் கவனிக்காம விட்டாலும் கஷ்டம்தான். உதிர்ந்த பஞ்சு முடி வெளியே வராம உள்ளேயே அடைச்சுக்கிட்டா காத்து புகாது, சிக்கு பிடிக்கும், ஈரம் தங்கிப் புண் வரும். அதனால் பாமுக்கு வெயில்கால வைத்தியம் பிரஷ்தான். வாரத்துக்கு இரண்டு மூணு தடவை. உதிர்கிற சீசன்ல தினமும். முதல்ல தண்ணியை லேசா ஸ்ப்ரே பண்ணுங்க, காய்ஞ்ச முடி உடையும். முடியை ஒரு கையால மேலே தூக்கிப் பிடிச்சு, தோல் தெரியற மாதிரி வகிடு எடுத்து, வரிசை வரிசையா வேர்லேர்ந்து வாருங்க. மேலாப்ல தடவினா பார்க்க அழகா இருக்கும், அடியில சிக்கு அப்படியே இருக்கும். காதுக்குப் பின்னாடி, அக்குள், பின்தொடை, இந்த மூணு இடம்தான் சிக்கின் ஹெட் ஆபீஸ்.

குளிப்பாட்டுறது மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை போதும். சிக்கு எடுத்த பிறகுதான் குளியல், தண்ணி பட்டா சிக்கு இறுகிடும். குளிச்ச பிறகு அடிமுடி வரைக்கும் காய வைக்கணும், ட்ரையர்னா சூடு குறைவா. உள்ளங்கால் முடியையும் பின்பக்க முடியையும் லேசா கத்தரிக்கலாம், தப்பே இல்ல. நடக்கக் கூட்டிட்டுப் போறது வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, இல்ல ராத்திரி. தரையில உங்க புறங்கையை வெச்சுப் பாருங்க. உங்களால் தாங்க முடியலன்னா அதோட பாதத்தாலயும் முடியாது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு விஷயம். 80, 90-கள்ல நம்ம தெருக்கள்ல "பொமரேனியன்"னு வளர்ந்த வெள்ளை நாய்கள் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் நடிச்ச டஃபியும் அந்த இனம்தான். பாமைவிடப் பெரிசு, முகம் நீளம். உங்க வீட்ல இருக்கிறது அதுவா இருந்தாலும் முடி இதே இரண்டு அடுக்குதான். மேலே சொன்ன எல்லாமே அதுக்கும் பொருந்தும்.

மழிக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. ஆபரேஷன், தோல் நோய், பிரிக்கவே முடியாம தோலை இழுத்துப் பிடிக்கிற சிக்குன்னா டாக்டர் சொல்றபடி மழிச்சுத்தான் ஆகணும். அங்க முடியைவிட நாயோட நிம்மதி முக்கியம். வெயில் வந்துடுச்சு, போட்டோல அழகா இருக்குங்கிற காரணத்துக்கு மட்டும் வேண்டாம். க்ரூமிங் கடையில விடும்போது "குட்டையா வெட்டுங்க"ன்னு பொதுவா சொல்லாதீங்க. "உள்முடியை வாரி எடுங்க, பாதமும் பின்பக்கமும் மட்டும் ட்ரிம், உடம்புல மிஷின் வேண்டாம்"னு தெளிவா சொல்லுங்க. இரண்டு ராணிகளும் ஒரு கண்காட்சியும் சேர்ந்து அந்த நாயோட உடம்பை மாத்தினப்போ அதுகிட்ட யாரும் கேட்கல. முடி விஷயத்துலயாவது அதுக்காக நாம கொஞ்சம் யோசிப்போம்.

இந்த எபிசோடை உங்க க்ரூப்ல அந்தக் கேள்வி வர்றதுக்கு முன்னாடியே ஷேர் பண்ணிடுங்க. அடுத்த வாரம் வேற ஒரு கதையோட சந்திப்போம்.