நோயாளிக்கு முன்பே சொன்ன ரத்தம்



கொசு என்றதும் நமக்கு டெங்குவும் மலேரியாவும்தான் நினைவுக்கு வரும். மூளையைத் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் கொசுதான் பரப்புகிறது. 1924-ல் ஜப்பானில் 6,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய நோய் அது. அது இந்தியாவில் தெரியவந்த கதையில் நம் ஊர்ப்பக்கத்துக்கும் இடம் உண்டு.

1952-ல் நடந்த ரத்தப் பரிசோதனைகளில் நாக்பூர், செங்கல்பட்டு மாவட்ட மக்களிடம் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள்கள் தென்பட்டன. ஆனால் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டது 1955-ல், வேலூரில். நோயாளிக்கு முன்பே ரத்தம் சொல்லிவிட்டது!

காரணம் எளிது. வைரஸ் தொற்றுபவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. மற்றவர்களுக்குத் தெரியாமலே வந்து போய்விடும். ஆனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைப்பவர்களிலும் பலருக்கு வாழ்நாள் குறைபாடு தங்கிவிடும்.

இந்த வைரஸ் கொக்குகளிலும் பன்றிகளிலும் பெருகுகிறது. நெல்வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. எனவே நோயாளிகளை எண்ணுவதோடு நிற்காமல், அந்தி நேரத்தில் மாட்டுத் தொழுவங்களில் கொசு பிடித்து, அதில் வைரஸ் உண்டா என்றும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள்.

1973-ல் மேற்கு வங்கத்தின் பாங்குரா. 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதி. அந்த ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகே 2006-ல் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. காய்ச்சலுடன் மனக்குழப்பமோ புதிதாக வலிப்போ வருபவரின் ரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதிக்கும் கண்காணிப்பு முறையும் வலுப்பெற்றது.

நமக்கு இதில் என்ன? காய்ச்சலோடு பிதற்றல், வலிப்பு, அளவுக்கு மீறிய தூக்கம் என்றால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தண்டுவட நீர்ப் பரிசோதனை என்றதும் பயந்து மறுக்காதீர்கள். குழந்தைக்கு இந்தத் தடுப்பூசி தேவையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கொசு பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ சுகாதாரப் பணியாளர்கள் வந்தால், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள். 1952-ல் யாரோ நீட்டிய கைதான் நமக்கு முதல் எச்சரிக்கையைத் தந்தது.